மூட்டு வலி, எலும்பு முறிவு, ஜவ்வுக் கிழிசல்: மீண்டு வந்த அனுபவங்கள்

பல வருடங்களாக எனக்கு முழங்கால் வலி. இரண்டு காலிலும் தேய்மானம், வலது காலில் கொஞ்சம் கூடுதல். இங்கே மூட்டிலோ எலும்பிலோ அடிபட்டு மீண்டவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். மருத்துவர் என்ன சொன்னார், எது உதவியது, எது உதவவில்லை என்பதை எழுதுங்கள். புதிதாக வலியில் விழுந்தவர்களுக்கு அது பெரிய துணை. நானே தொடங்கி வைக்கிறேன்.

எக்ஸ்ரேயைப் பார்த்த முதல் மருத்துவர், "எலும்போடு எலும்பு உரசுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இதைக் கேட்டால் யாருக்குமே ஒரு படி ஏறக்கூட பயம் வரும். அப்புறம் பார்த்த மருத்துவர் எக்ஸ்ரேயை ஓரமாக வைத்தார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து காட்டச் சொன்னார். தொடைத் தசையை அழுத்திப் பார்த்தார். "படத்தில் தெரியும் தேய்மானத்துக்கும் வலிக்கும் நேர்க்கணக்குக் கிடையாது. படம் மோசமாக இருந்தும் நன்றாக நடப்பவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு முதல் வேலை இந்தத் தொடைத் தசைதான்" என்றார்.

அவர் விளக்கியது இன்னும் நினைவில் இருக்கிறது. மூட்டில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம். காலை ஊன்றி எடுக்கும்போது அந்தத் திரவம் உள்ளே போய் வருகிறது. மூட்டை அசைக்காமலே வைத்திருந்தால் குருத்தெலும்பும் வாடுகிறது, தசையும் கரைகிறது. எடையைப் பற்றி அவர் சொன்ன கணக்கும் என்னை யோசிக்க வைத்தது. உடம்பில் 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் இறங்கும் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறைகிறதாம்.

இன்று வரை செய்வது இவ்வளவுதான்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் முதுகைச் சாய்த்து லேசாக இறங்கி நிற்பது, தினமும் நடை. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப் பக்கக் கையில் பிடிக்க வேண்டும். எத்தனையோ பேர் வலிக்கும் பக்கத்திலேயே ஊன்றிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

துளை போட்டு மூட்டைக் கழுவிவிட்டால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். தேய்மானத்துக்கு அதனால் பலன் இல்லை என்பதை 2002-இலேயே ஓர் ஆய்வு காட்டிவிட்டது. 180 பேரில் சிலருக்கு உண்மையான அறுவை சிகிச்சை செய்தார்கள். சிலருக்குத் தோலில் மட்டும் கீறித் தைத்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் வலியில் வித்தியாசமே இல்லை. ஸ்டீராய்டு ஊசி வலி உச்சத்தில் இருக்கும்போது சில வாரங்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் அதையே மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வழக்கமாக்கினால் குருத்தெலும்பு இன்னும் வேகமாக மெலிகிறது என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. மூட்டு மாற்று சிகிச்சை எனக்கு இன்னும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டால் தயங்க மாட்டேன்.

———

ஐயா, நான் கால்பந்து ஆடுகிறவன். எனக்கு ஏ.சி.எல். ஜவ்வு, அதாவது முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஜவ்வு, கிழிந்தது. யாரும் என்மேல் மோதவில்லை. ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பினேன், பாதம் தரையில் நின்றுவிட்டது, முழங்கால் மட்டும் திரும்பியது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். ஓரிரண்டு மணி நேரத்தில் முட்டி பந்து மாதிரி வீங்கிவிட்டது. அடிபட்ட சில மணி நேரத்துக்குள் இப்படி வீங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், சாதாரணச் சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாது. மருத்துவர் தொடையை ஒரு கையிலும் காலை ஒரு கையிலும் பிடித்து முன்னே இழுத்துப் பார்த்தார். எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

எல்லாரும் 'உடனே ஆபரேஷன்' என்றார்கள். என் மருத்துவர் மட்டும் நிதானமாக, ஸ்வீடனில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். 121 இளைஞர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனே ஜவ்வு மாற்று அறுவை சிகிச்சை, இன்னொரு குழுவுக்கு முதலில் பயிற்சி மட்டும், கால் நிலையாக நிற்காவிட்டால் அப்புறம் அறுவை சிகிச்சை என்று பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் இரு குழுவும் ஒரே நிலையில் இருந்தன. பயிற்சிக் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதுவரை அறுவை சிகிச்சையே தேவைப்படவில்லை. ஐந்து வருடம் ஆனபோது அந்தக் குழுவில் ஏறக்குறைய பாதிப் பேர் அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். ஆகவே இதில் எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. நேராக நடப்பது, சைக்கிள், நீச்சல் போதும் என்றால் பயிற்சியே போதுமானதாக இருக்கலாம். எனக்கோ நடக்கும்போதே முட்டி நழுவியது, திரும்ப ஆடவும் வேண்டும். அதனால் செய்துகொண்டேன்.

அறுவை சிகிச்சைக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சில மாதங்களில் வலி போய்விடும், ஓடவும் முடியும். 'சரியாகிவிட்டது' என்று தோன்றும். அந்தக் கட்டம்தான் ஆபத்து. கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாகப் புதிதாக வைத்த தசைநாண் உள்ளே ஜவ்வாக மாற நீண்ட காலம் பிடிக்கும். 9 மாதத்துக்கு முன் ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்களுக்குத் திரும்பக் கிழியும் வாய்ப்பு மிக அதிகம். காலெண்டர் மட்டும் போதாது, கால் பலமும் வர வேண்டும். அடிபட்ட ஒற்றைக் காலில் குதிக்கும் தூரம், நல்ல காலில் குதிக்கும் தூரத்தில் 90 சதவீதமாவது வந்த பிறகே என் பிசியோ பந்தைத் தொடவிட்டார். பலம் வந்த பிறகும் மனதில் பயம் இருக்கும். அது எல்லாருக்கும் வருவதுதான், அதற்கும் நேரம் கொடுங்கள்.

———

தம்பி பயிற்சி பற்றிச் சொன்னதைப் படித்ததும் ஒரு சந்தேகம். 'அடிபட்டால் ஐஸ் வை, கட்டு, ஓய்வெடு' என்றுதானே எப்போதும் சொல்கிறார்கள்? எனக்குக் கணுக்கால் பிசகியபோது பிசியோ சீக்கிரமே காலை ஊன்றி நடக்கச் சொன்னார்.

———

அது சரியான ஆலோசனைதான். நான் பிசியோதெரபிஸ்ட். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைப்பது என்ற அந்தச் சூத்திரத்தை 1978-இல் எழுதியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். பிற்காலத்தில் அவரே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். வலியைக் குறைக்க முதலில் கொஞ்சம் ஐஸ் வைப்பதில் தவறில்லை. சாதாரணச் சுளுக்கில் வலி தாங்கும் அளவுக்குச் சீக்கிரம் ஊன்றி நடப்பதே நல்லது. அப்புறம் ஒற்றைக் காலில் நின்று சமநிலைப் பயிற்சி. இதை விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் அதே கணுக்கால் திரும்பத் திரும்பப் பிசகுகிறது.

எப்போது எக்ஸ்ரே வேண்டும் என்பதற்குக் கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் வகுத்த விதிகள் இன்றும் பயன்படுகின்றன. அடிபட்ட உடனேயும் மருத்துவரிடம் வந்த பிறகும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே தேவை. கணுக்கால் எலும்பு முனைகளின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலும், பாதத்தின் வெளி ஓரத்து நடு எலும்பையோ உள் பக்கத்து நடு எலும்பையோ அழுத்தினால் வலித்தாலும் தேவை.

கையை ஊன்றி விழுந்து, கட்டைவிரலுக்குக் கீழே உள்ள குழியில் வலித்தால் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அது முறிந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு, கவனிக்காவிட்டால் சேராமலே போய்விடும். படத்தில் தெரியாவிட்டாலும் சந்தேகம் இருந்தால் கையை அசையாமல் கட்டிவைத்து, பத்துப் பதினான்கு நாளில் மறுபடி படம் எடுப்பார்கள், அல்லது எம்.ஆர்.ஐ. பார்ப்பார்கள். 'எக்ஸ்ரே நார்மல்' என்று கட்டைப் பிரித்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

———

என் கதை தோள்பட்டை. எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. விழவுமில்லை, எதையும் தூக்கவுமில்லை. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் உயிர் போகும் வலி. கொஞ்ச நாளில் கை பின்னால் போகாது, தலைவாரக் கை உயராது, மேல் அலமாரியை எட்ட முடியாது. உடை மாற்ற இன்னொருவர் உதவி வேண்டும். இது வெறும் வலி இல்லை, மனதையும் உடைக்கிற விஷயம். பார்ப்பவர்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது, அதனால் யாருக்கும் புரிவதும் இல்லை.

இதை ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறார்கள். 40 முதல் 60 வயதில் அதிகம் வருகிறது, பெண்களுக்கு அதிகம், சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் அதிகம். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. மருத்துவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்றால், முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பச் சொன்னார். என்னாலும் முடியவில்லை, அவர் பிடித்துத் திருப்பினாலும் நகரவில்லை. தசைநாண் கிழிந்திருந்தால் நாம் உயர்த்த முடியாத கையை இன்னொருவர் உயர்த்திவிட முடியும். இதில் யாராலும் முடியாது.

முதலில் வலி மிகுந்த காலம், அடுத்து வலி குறைந்து இறுக்கம் மிகுந்த காலம், பிறகு மெதுவாக இளகும் காலம். மொத்தம் ஒன்று முதல் மூன்று வருடம் வரை ஆகலாம் என்று சொன்னபோது அழுதேவிட்டேன். ஆனால் எவ்வளவு காலம் என்று தெரிந்ததே ஒருவகை நிம்மதி. வலி மிகுந்த காலத்தில் மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். இரவில் தூங்க முடிந்தது, அதுவே பாதி சிகிச்சை. சர்க்கரை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது: ஊசிக்குப் பிறகு சில நாட்கள் ரத்தச் சர்க்கரை ஏறும், அடிக்கடி பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

ஒரு இடத்தில் கையைப் பலமாகப் பிடித்து இழுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். வலி இரட்டிப்பானது. வேறு பிசியோவிடம் மாறினேன். முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசலாக ஆட்டுவது, சுவரில் விரல்களால் ஏறுவது, குச்சியைப் பிடித்து நல்ல கையால் மற்றக் கையைத் தள்ளுவது. எல்லாம் மெதுவாக, வலி விளிம்பு வரைக்கும் மட்டும். மயக்கம் கொடுத்துக் கையை வளைத்து விடுவிப்பதா, துளை போட்டு உறையை வெட்டிவிடுவதா என்றும் பேசினோம். 2020-இல் பிரிட்டனில் 503 பேரிடம் இந்த இரண்டையும், ஊசியோடு சேர்ந்த பிசியோவையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். எதுவும் மற்றதைவிடப் பெரிதாக மேம்பட்டதாக இல்லை. நான் ஊசியும் பயிற்சியும் போதும் என்று இருந்துவிட்டேன். இப்போது கை முழுதாக உயர்கிறது, பின்பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கம்.

———

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கும் முதலில் 'தோள் வலி' என்றுதான் மருந்து கொடுத்தார்கள். பிறகுதான் இரண்டு கை விரல் கணுக்களும் மணிக்கட்டும் ஒரே மாதிரி வீங்கின. காலையில் எழுந்தால் கையை மூட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தேய்மான வலியில் காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். எனக்கு இருந்தது முடக்குவாதம் (ருமடாய்டு ஆர்த்ரைடிஸ்), உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய். இதைப் பயிற்சியால் மட்டும் சமாளிக்க முடியாது, மூட்டு அரிக்கப்படுவதற்கு முன் மருந்து தொடங்க வேண்டும். இதற்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தைக் கொடுத்திருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: இந்த நோய்க்கு அது வாரம் ஒரே ஒரு நாள் எடுக்கும் மாத்திரை. தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து.

———

முதுகு வலிக்காரன் நான், சுருக்கமாகச் சொல்கிறேன். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'டிஸ்க் புடைப்பு' (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டு பிதுங்குவது) என்று பார்த்துப் பயந்தவர்களுக்கு: வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்தாலும் 20 வயதில் சுமார் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் அந்தப் புடைப்பு தெரிகிறது. விலகிய டிஸ்க் பல பேருக்குத் தானாகவே சுருங்கிவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் ஆனது.

———

அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவர்களுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. 'இந்த வயதில் ஆபரேஷனா, படுக்க வைத்தே பார்த்துக்கொள்ளலாமே' என்று உறவினர்கள் சொன்னார்கள். மருத்துவர் உறுதியாக இருந்தார். படுக்கையிலேயே வைத்தால் நுரையீரலில் சளி, படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டு, இவைதான் முதியவர்களைக் கொண்டுபோகின்றன, எலும்பு இல்லை என்றார். சேர்த்த மறுநாளே அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு அடுத்த நாள் வாக்கரைக் கொடுத்து எழுப்பி நிற்க வைத்தார்கள். பார்க்க எனக்குத்தான் கை நடுங்கியது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதது அம்மாவின் குழப்பம். இரவில் யாரென்றே தெரியாமல் பேசினார்கள், எழுந்து போக முயன்றார்கள். மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தோம். முதியவர்களுக்கு இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு இது அடிக்கடி நடப்பதுதான், பெரும்பாலும் குறைந்துவிடும் என்று செவிலியர் சொன்னார். கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் உடனே மாட்டிவிடச் சொன்னார். பகலில் வெளிச்சம், இரவில் தூக்கம், பக்கத்தில் தெரிந்த முகம். இவ்வளவும் செய்ததும் தெளிந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் வலியுறுத்திக் கேட்டது எலும்பு அடர்த்திப் பரிசோதனை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தால் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கிறது என்றுதான் பொருள். முறிவைச் சரிசெய்துவிட்டு மெலிவைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த முறிவு வரும். வாரம் ஒரு முறை எடுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். படுத்துவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். குளியலறையில் கைப்பிடி வைத்தோம், வழுக்கும் விரிப்புகளை எடுத்தோம்.

———

பிசியோவாக இன்னும் ஒரு வார்த்தை. மேலே பலரும் அசைவு பற்றி எழுதியிருக்கிறோம், ஆனால் சில வலிகள் ஒரு நாள்கூடக் காத்திருக்காது. காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் சிவந்து, சுட்டு, அசைக்கவே முடியாவிட்டால் உள்ளே தொற்று இருக்கலாம். மாவுக்கட்டு போட்ட கையிலோ காலிலோ வலி மணிக்கு மணி ஏறி, விரலை நீட்டினால் தாங்க முடியாமல் மரத்துப்போனால் கட்டு இறுக்கி ரத்த ஓட்டம் தடைபடலாம். முதுகு வலியோடு தொடை இடுக்கு மரத்து, சிறுநீர் போக முடியாவிட்டால் நரம்புகள் நசுங்கியிருக்கலாம். இவை மூன்றிலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், இரவு என்றாலும் காலை வரை பார்க்காதீர்கள்.

மூட்டு மாற்று பற்றி ஐயா தொட்டதால் சொல்கிறேன். 2019-இல் வந்த பெரிய ஆய்வில், மாற்றிய முழங்கால் மூட்டுகளில் சுமார் 82 சதவீதம் 25 வருடம் தாங்கியிருந்தன. தேவை வந்துவிட்டால் அது நல்ல சிகிச்சை. ஆனால் அதற்குப் போகும் முன்பே தொடைத் தசையைப் பலப்படுத்திக்கொள்ளுங்கள். பலமான காலோடு போனால், முடிந்த பிறகு எழுந்து நடப்பது அவ்வளவு சிரமமாக இருக்காது.