தம்பி கோல்ஃப் ஆட்டக்காரனா ஊர் ஊராப் போகணும்ங்கிறான். போய் வந்தவங்க யாராவது இருக்கீங்களா?

திருமங்கலம் டீச்சர்:

வணக்கம். எங்களுக்குத் திருமங்கலம் பக்கம். நான் பள்ளிக்கூடத்துல வேலை பார்க்கிறேன். தம்பிக்கு 25 வயசு. பிளஸ் டூ முடிச்ச கையோட கொடைக்கானல் சித்தப்பா வீட்டுக்குப் போனவன், அங்கே கோல்ஃப் மைதானத்துல பேக் தூக்கப் போனான். ஏழு வருஷமா அதே வேலை. அதுக்குப் பேரு 'கேடி'யாம். போன தை மாசம் பொண்ணு கேட்டுப் போன இடத்துல மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு கேட்டாங்க. எங்கம்மா வெள்ளந்தியா "பையன் கேடி"ன்னு சொல்லிருச்சு. காபி வந்துச்சு, பலகாரம் வரலை.

விஷயம் அது இல்லை. இத்தனை வருஷத்துல அவனே நல்லா ஆடக் கத்துக்கிட்டான். அங்கே வர்ற பெரிய மனுஷங்க எல்லாம் "நீ புரொஃபஷனலா ஆடலாம்டா"ன்னு ஏத்தி விட்டிருக்காங்க. பிஜிடிஐன்னு இந்தியாவுல புரொஃபஷனல் கோல்ஃப் போட்டி நடத்துற அமைப்பாம். அவங்க வைக்கிற தகுதிப் போட்டிக்குப் பேரு 'குவாலிஃபையிங் ஸ்கூல்'. அதுல ஆடித் தேறிட்டா வருஷம் பூரா ஊர் ஊராப் போய்ப் போட்டியில ஆடலாமாம். அலி ஷேர், சௌராசியா, பெங்களூரு முனியப்பான்னு மூணு பேரைச் சொல்றான். எல்லாரும் கீழேருந்து வந்தவங்களாம். அம்மா அஞ்சு பவுன் சங்கிலியைக் கழட்டி வச்சிருச்சு.

நான் வேணாம்னு சொல்ல வரலை. ஆனா எங்கே தங்குவான், என்ன சாப்பிடுவான், தோத்தா என்ன ஆகும்னு எது கேட்டாலும் "பார்த்துக்கலாம்க்கா" ஒண்ணுதான் பதில். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வைகைக்கரை:

டீச்சர், நீங்களே வாத்தியாரு, உங்களுக்கு நான் சொல்லணுமா? குரூப் 4 எழுதச் சொல்லுங்க. அது பணக்காரங்க பொழுதுபோக்கு. ஒரு மட்டை விலையில நான் பழைய டிவிஎஸ் வண்டி வாங்கிருவேன்.

வத்தலக்குண்டு செவன் அயர்ன்:

டீச்சர், நான் வத்தலக்குண்டு. நானும் கேடியா இருந்து ஆட்டக்காரனா ஆனவன்தான். ஆறு வருஷம் டூர்ல சுத்துனேன். இப்ப வாழைக்காய் மண்டியில கணக்குப் பாக்குறேன். பேரு வேணாம், எங்க ஊர்ல பாதிப் பேருக்கு என்னைத் தெரியும்.

தம்பி சொன்ன மூணு பேரும் நிஜம். டெல்லியில கேடியா இருந்த அலி ஷேர்தான் 1991ல இந்தியன் ஓபன்ங்கிற பெரிய போட்டியை ஜெயிச்ச முதல் இந்தியப் புரொஃபஷனல். சௌராசியாவோட அப்பா கொல்கத்தா மைதானத்துல புல்லைப் பாத்துக்கிட்டவரு. பையன் 2016, 2017ன்னு அடுத்தடுத்து ரெண்டு இந்தியன் ஓபன் ஜெயிச்சாரு. முனியப்பா ஜெயிச்சது 2009. இந்தக் கதையைச் சொல்லாத கேடிக் கொட்டகையே இந்தியாவுல கிடையாது. நானும் அதைக் கேட்டுத்தான் கிளம்புனேன். அவங்களோட அதே வாரத்துல அதே மைதானத்துல ஆடி, புதன்கிழமை ராத்திரியே பெட்டியைக் கட்டுனவன் பேரை யாரும் சொல்ல மாட்டாய்ங்க.

ஏன் புதன்கிழமைன்னு சொல்றேன். பெரும்பாலும் ஆட்டம் செவ்வாய் தொடங்கி வெள்ளியில முடியும். நாலு நாள், நாளுக்கு 18 குழி. ஆனா நாலு நாளும் எல்லாரும் ஆட முடியாது. ரெண்டாம் நாள் சாயங்காலம் 'கட்' விழும். நூத்திச் சொச்சம் பேர்ல முதல் 50 இடமும், அம்பதாவது ஆளுக்குச் சமமா நிக்கிறவங்களும்தான் உள்ள. மத்தவங்களுக்கு அந்த வாரம் ஒத்தப் பைசா கிடையாது. ரயில், லாட்ஜ், என்ட்ரி பீஸ், கேடி கூலி, எல்லாம் கைக்காசு. "மொத்தப் பரிசு ஒரு கோடி"ன்னு பேப்பர்ல போடுவாங்க. அதுல ஜெயிச்சவருக்கு 15 லட்சம் அளவுல போகும். மிச்சம் கீழ இறங்க இறங்க நூலாயிரும். வர்றதுலயும் டிடிஎஸ்னு வரி புடிச்சுருவாங்க.

சாப்பாடு, தங்கல் பத்திக் கேட்டீங்க. ரூமுக்கு மூணு பேர், ரெண்டு கட்டில். தரை முறை வச்சுப் படுப்போம். மறுநாள் யாருக்கு விடிகாலை ஆட்டமோ அவனுக்குக் கட்டில். சின்ன ரைஸ் குக்கர் ஒண்ணு வச்சிருந்தோம். லாட்ஜ்ல பாத்தா சத்தம் போடுவாய்ங்கன்னு அதைக் கோல்ஃப் பேக்குலயே மறைச்சுக் கொண்டு போவோம். பந்து வைக்கிற பாக்கெட்டுலதான் எங்கம்மா குடுத்த பருப்புப்பொடி டப்பா. ஒருநா டப்பா மூடி கழண்டு போச்சு. அந்த வாரம் முழுக்க என் கையுறையில பெருங்காய வாசம். என்கூட ஆடுன சர்தார்ஜிப் பையன் ஒவ்வொரு குழிக்கும் மொத அடி அடிக்க நிக்கிறப்ப மூக்கை மூக்கை உறிஞ்சுவான், பாவம், கேக்கவும் மாட்டான்.

இதெல்லாம் பழகிரும் டீச்சர். பழகாதது ஒண்ணுதான். கட் தவறுனதுக்கு அப்புறம் வர்ற நாளுக. அதை யாரும் தம்பிக்குச் சொல்லிருக்க மாட்டாங்க.

சண்டிகர்ல ஒரு கார்த்திகை மாசம். நான் ரெண்டாம் நாள் காலையில ஆடி முடிச்சுட்டேன். ரெண்டு நாளும் சேத்து பிளஸ் 2, அதாவது மைதானத்துக்குன்னு வச்ச கணக்கை விட ரெண்டு அடி கூட. கோல்ஃப்ல அடி குறைஞ்சவன்தான் மேல. அடி எண்ணிக்கை எழுதுற கார்டைக் கூட்டிப் பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டு ஸ்கோர் போர்டு பக்கத்துல உக்காந்தேன். மத்தியானம் ஆடுறவங்க ஒவ்வொருத்தரா வர்றாங்க. போர்டு எழுதுற பெரியவர் மார்க்கர் பேனாவோட முக்காலியில நிக்கிறாரு, பச்சை மையி, செவப்பு மையி. நான் எனக்கு மேல எத்தனை பேருன்னு எண்ணிக்கிட்டே இருக்கேன். நாப்பத்தாறு. நாப்பத்தெட்டு. அஞ்சு மணிக்கு 49. வெயில் இறங்கிருச்சு, கடைசி குரூப் மட்டும் பாக்கி. இன்னும் ஒருத்தன் பிளஸ் 1ல முடிச்சா நான் வெளிய. இல்லேன்னா உள்ள.

அந்தக் கடைசி குரூப்புல என் ரூம்காரன். பெங்களூருப் பையன், நல்லாத் தமிழ் பேசுவான். பதினெட்டாவது குழியைச் சுத்தி இருக்குற கிரீன்ல, பன்னெண்டு அடி தூரத்துலருந்து அவனுக்குப் புட், அதாவது பந்தைக் குழிக்குள்ள உருட்டி விடுற அடி. அவனும் பிளஸ் 2ல நிக்கிறான், புட் விழுந்தா பிளஸ் 1. விழாட்டி நாங்க ரெண்டு பேருமே உள்ள. விழுந்தா அவன் மட்டும் உள்ள. அவனுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. உள்ள போகணும்னா போட்டே தீரணும்னு நெனச்சு நாலு பக்கமும் குனிஞ்சு குனிஞ்சு பாக்குறான்.

போட்டுட்டான். பந்து குழியோட ஓரத்துல ஒரு சுத்துச் சுத்தி விழுந்துச்சு. தொப்பியைத் தூக்கிப் போட்டு, ஓடியாந்து என்னையத்தான் கட்டிப் புடிச்சான். அவன் தோளுக்கு மேல பாக்குறேன், பெரியவர் கோடு போடுறாரு. என் பேரு கோட்டுக்குக் கீழ.

மறுநாள் அஞ்சு மணிக்கு அவன் லைட்டுப் போடாம, சத்தம் வராம ஷூவைக் கையில எடுத்துக்கிட்டு வெளிய போறான். நான் செவுத்தைப் பாத்துத் தூங்குற மாதிரி படுத்திருக்கேன். அடுத்த போட்டி அஞ்சு நாள் கழிச்சு, டெல்லியில. ஊருக்குப் போயிட்டு வரலாம்னா சண்டிகர்லருந்து மதுரைக்கு ரயில்ல ரெண்டு நாளுக்கு மேல ஆகும். போய் இறங்குன அன்னைக்கே திரும்பணும். அப்ப எங்க போவீங்க? பிராக்டிஸ் பண்ணலாம்தான். ஆனா அங்க ஆடுறவங்க முன்னாடி போய் நிக்கக் கூச்சம். துணி துவைச்சேன். அவன் சாக்ஸையும் சேத்துத் துவைச்சேன். அதையும் முடிச்சா மணி ஒம்பதுதான் ஆகுது.

அன்னைக்கு மத்தியானம் அவன் கேடிக்குக் காய்ச்சல். ராத்திரி தயங்கித் தயங்கி என்கிட்ட வந்தான். வெள்ளிக்கிழமை நான் பேக் தூக்குனேன். எந்த வேலையை விட்டுட்டு வந்தேனோ அதே வேலை. அந்த வாரம் அவன் குடுத்த காசு 6,000. அதுக்கு முந்தி மூணு போட்டியில நான் ஆடிச் சம்பாதிச்சதை விட அது ஜாஸ்தி.

தம்பிகிட்ட இதைப் படிச்சுக் காட்டுங்க. பயமுறுத்த இல்ல. புட் போடத் தெரியுமான்னு அவனை யாரும் கேக்கத் தேவையில்ல. அந்த வியாழக்கிழமையை அவன் என்ன பண்ணுவான்னு மட்டும் கேளுங்க.

ரயிலடி:

மேல எழுதுன அண்ணனுக்கு வணக்கம். நான் டிடிஇ, மதுரைக் கோட்டம். அந்தப் பையைப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா அதுல எனக்கு அனுபவம் உண்டு. பெட்டிக்குள்ள கொண்டு போற சாமான் 100 செ.மீ. நீளம், 60 அகலம், 25 உயரம்தான் இருக்கலாம்னு கணக்கு. கோல்ஃப் பேக் அதைத் தாண்டும், அதுல 'டிரைவர்'னு ஒரு நீள மட்டை, அதுவே 114 செ.மீ. பக்கம் வருது. கண்டிப்பான ஆளு வந்தா லக்கேஜ் வேன்ல போடச் சொல்லலாம். எடையில பிரச்சனை இல்லை, ஸ்லீப்பர்ல 40 கிலோ வரைக்கும் இலவசம்.

தம்பியை அப்பர் பெர்த் போடச் சொல்லுங்க. சைடு அப்பர் வேணவே வேணாம், அது நீளம் கம்மி, பையும் ஆளும் சேர்ந்து படுக்க முடியாது. நான் பார்த்த பையன் ஒருத்தன் பாண்டியன்ல மதுரையில இருந்து எழும்பூர் வரைக்கும் பையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே தூங்குனான். கீழ் பெர்த் அம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, "சார், அது துப்பாக்கியா?"ன்னு கேட்டுச்சு.

திருமங்கலம் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. வத்தலக்குண்டு அண்ணே, உங்க பதிலை ராத்திரி அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். "அந்தப் பெங்களூருப் பையன் நல்லா இருக்கணும்"னு சொல்லிட்டுப் படுத்திருச்சு. எனக்கு இன்னும் ரெண்டு கேள்வி. அஞ்சு பவுன் போதுமா? நீங்க ஏன் விட்டீங்க? தப்பா எடுத்துக்காதீங்க.

வத்தலக்குண்டு செவன் அயர்ன்:

இதுல தப்பா எடுக்க என்ன இருக்கு டீச்சர்.

இடுப்பு வலின்னு ஊருக்குள்ள சொல்லிருக்கேன். வலி இருந்துச்சு, பொய் இல்ல. ஆனா வருசக் கடைசியில பட்டியல்ல கீழ போயிட்டேன், மறுபடி குவாலிஃபையிங் ஸ்கூல்லருந்து ஆடணும். பீஸ் கட்ட வீட்டுக்காரி கொலுசைக் கழட்டிக் குடுத்தா. வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். நடக்க நடக்க அது பையில கிடந்து சிணுங்குது. திரும்பி வந்துட்டேன்.

அதனால சங்கிலியைப் பத்தி நான் சொன்னா ஒருதலையா இருக்கும். கணக்கு மட்டும் சொல்றேன். பத்துப் போட்டிக்குப் போய், பத்துலயும் கட் தவறுனாலும் தாங்குற காசு கையில இருக்கணும். நான் ஆடுனப்ப சிக்கனமா இருந்தே வாரத்துக்கு 25,000 கரைஞ்சுச்சு. இப்ப கூடத்தான் இருக்கும். தூரத்தைப் பொறுத்து மாறும். அசாம்ல டிக்பாய் வரைக்கும் போயிருக்கேன். அங்க கார்த்திகையில நாலரைக்கெல்லாம் இருட்டிரும், அதனால விடியுறப்பவே ஆட்டம். கொழும்பு மட்டும் சுகம். மதுரையிலருந்து விமானத்துல ஒரு மணி நேரம் பக்கந்தான், சண்டிகரை விடப் பக்கம். அந்த மைதானத்துக்கு நடுவுல ரயில் தண்டவாளம் போகுது, ரயில் வந்தா நின்னு வழி விட்டுட்டு அடிக்கணும். சாயங்காலம் வெள்ளவத்தைப் பக்கம் போனா நம்ம பாஷை, நம்ம தோசை. கட் தவறுனாலும் மனசு ஆறும்.

இன்னொன்னு. சங்கிலியை அடகு வைக்கிறதுக்கு முந்தி தம்பியைக் கீழ இறங்கி ஆடச் சொல்லுங்க. அவன் ஏழு வருஷமா ஆடுறது 2,100 மீட்டர் உயரத்துல. அங்க காத்து லேசு, பந்து கூடப் பறக்கும். குளிரு கொஞ்சம் இழுத்துப் புடிக்கும், இருந்தாலும் கூடத்தான். கொடைக்கானல்ல செவன் அயர்ன்ங்கிற மட்டையில நான் அடிச்சா பந்து 165 கெஜம் போகும். மொத மொதச் சென்னையில நந்தனம் மைதானத்துல அதே அடி அடிச்சேன், 150ல சப்புன்னு விழுந்துச்சு, முன்னாடி இருந்த மணல் பள்ளத்துக்குள்ள. மட்டை உடைஞ்சு போச்சான்னு திருப்பித் திருப்பிப் பாத்தேன். அங்க காட்டெருமை குறுக்க வந்தா ஆட்டத்தை நிறுத்தலாம். சென்னை வெயில் குறுக்க வந்தா நிறுத்த முடியாது, பதிமூணாவது குழியில கண்ணு இருட்டும். தெரிஞ்ச மெம்பர் யாரையாவது புடிச்சு அங்க நாலு நாள் தொடர்ந்து ஆடட்டும். கூட ஒருத்தர் கார்டு எழுதட்டும்.

கார்டுன்னதும் ஞாபகம் வருது. கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி ஒவ்வொரு குழியா விரல் வச்சுக் கூட்டிப் பாக்கச் சொல்லுங்க. அஞ்சு அடிச்ச இடத்துல நாலுன்னு இருந்து கையெழுத்துப் போட்டா போட்டியை விட்டே தூக்கிருவாங்க. கூட எழுதியிருந்தா அந்தக் கூடுனதே நிக்கும். 1968ல அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் போட்டியில டி விசென்சோன்னு அர்ஜென்டினாக்காரர் அப்படித்தான் ஒரு அடி கூடுன கார்டுல கையெழுத்துப் போட்டு, அந்த ஒரே அடியில தோத்தாரு. நான் போட்டது குறைச்சலான கார்டு. அந்த ஊர் பேரைச் சொல்ல மாட்டேன்.

வைகைக்கரை:

நான் குரூப் 4ன்னு சொன்னதை வாபஸ் வாங்கலை. ஆனா அந்தப் புட் கதையைப் படிச்சுட்டு ராத்திரி பன்னெண்டு மணிக்கு கோல்ஃப் வீடியோ பார்த்துக்கிட்டிருந்தேன்.

திருமங்கலம் டீச்சர்:

தம்பிகிட்ட முழுசாக் காட்டினேன். சண்டிகர் கதைக்குச் சிரிச்சான். செவன் அயர்ன் 150ன்னதும் சிரிப்பு நின்னு போச்சு. "இது யாருக்கா எழுதுனது"ன்னு ரெண்டு தடவை கேட்டான், எனக்கே தெரியாதுன்னு சொன்னேன். அப்புறம் அவன் பேக் தூக்குற ஒரு சாருக்குப் போன் போட்டு, நந்தனத்துல ஆட ஏற்பாடு பண்ணிட்டான். அந்த வியாழக்கிழமை கேள்வியையும் கேட்டேன். "பார்த்துக்கலாம்"னு சொல்லலை. பதிலும் சொல்லலை.

சங்கிலி இப்போதைக்கு அம்மா கழுத்துக்கே போயிருச்சு. வெள்ளிக்கிழமை பாண்டியன்ல கிளம்புறான். ரயிலடி சார் மன்னிக்கணும், சைடு அப்பர்தான் கிடைச்சுச்சு. அம்மா பருப்புப்பொடிக்கு வறுத்துக்கிட்டிருக்கு. பெருங்காயத்தைக் குறைச்சுப் போடச் சொல்லியிருக்கேன்.