டெம்ப்சியும் ஃபிட்ஸிம்மன்ஸும் இன்றைய ஹெவிவெயிட் குத்துச்சண்டைக் களத்தில் நிற்பார்களா?

தென்னவன்:
பழைய சாம்பியன்களை இன்றைய ஹெவிவெயிட் வீரர்களோடு ஒரே தட்டில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1897இல் கார்சன் சிட்டியில் ஜேம்ஸ் கார்பெட்டை வீழ்த்திப் பட்டம் வென்ற பாப் ஃபிட்ஸிம்மன்ஸின் எடை சுமார் 76 கிலோ. ஜாக் டெம்ப்சி 85 கிலோ. இன்று ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள குரூசர்வெயிட் பிரிவின் எடை உச்சவரம்பே 90 கிலோவைத் தாண்டுகிறது. 206 செ.மீ. உயரமும் 119 கிலோ எடையும் கொண்ட டைசன் ஃப்யூரி இடக்கையை நீட்டினால் போதும், டெம்ப்சியால் கிட்டவே வர முடியாது.

இரும்புக்கை:
கிட்ட வர முடியாதா? 1919 ஜூலை 4, டோலிடோ நகரம். அப்போதைய சாம்பியன் ஜெஸ் வில்லார்டின் உயரம் 199 செ.மீ., எடை 111 கிலோ. முதல் சுற்றிலேயே டெம்ப்சி அவரை ஏழு முறை தரையில் சாய்த்தார். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு வில்லார்டால் தொடர முடியவில்லை. 1935இல் ஜோ லூயிஸும் இதைத்தான் செய்தார்: தம்மைவிட ஏறக்குறைய 30 கிலோ கூடுதலான பிரிமோ கார்னெராவை ஆறாவது சுற்றில் முடித்துவிட்டார். குனிந்து, தலையை ஆட்டியபடி உள்ளே நுழையத் தெரிந்தவனுக்கு எதிராளியின் நீண்ட கை ஒரு தடையே இல்லை.

தென்னவன்:
டோலிடோ சண்டையின் படச்சுருளை நானும் பார்த்திருக்கிறேன் ஐயா. அன்று வில்லார்டுக்கு வயது 37. 1916க்குப் பிறகு அவர் பட்டப் போட்டி எதிலும் இறங்கவில்லை. அதைவிட முக்கியமானது, விழுந்தவரின் தலைமாட்டிலேயே டெம்ப்சி நின்றுகொண்டிருந்தார். வில்லார்ட் எழுந்த கணமே மறுபடி அடித்தார். 1927இல் சிகாகோவில் ஜீன் டன்னியை வீழ்த்தியபோது வீழ்த்தியவர் விலகி நடுநிலை மூலைக்குப் போன பிறகுதான் நடுவர் பத்து வரை எண்ணத் தொடங்க வேண்டும் என்ற விதி இருந்தது. டெம்ப்சி உடனே போகவில்லை, எண்ணிக்கை தாமதமாகத் தொடங்கியது, டன்னி எழுந்து புள்ளிகளில் வென்றார். வில்லார்டுக்கும் அந்த அவகாசம் கிடைத்திருந்தால் ஏழு முறை விழுந்திருப்பாரா?

மேகலா:
விதியைப் பற்றிப் பேச்சு வந்தது நல்லது. இருவரும் கிலோவை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தக் கிலோ எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

1889இல் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் மிசிசிப்பியில் வெறுங்கையால் 75 சுற்றுகள் மோதினார்கள். 1915இல் ஹவானாவில் ஜாக் ஜான்சனும் வில்லார்டும் இறங்கியது 45 சுற்றுப் போட்டிக்கு. வெயிலில் 26ஆவது சுற்றில்தான் ஜான்சன் விழுந்தார். 45 சுற்றுக்குத் தயாராகும் உடம்பு வேறு, 12 சுற்றுக்குத் தயாராகும் உடம்பு வேறு. இன்று ஒருவர் 119 கிலோவைச் சுமந்து வெல்ல முடிகிறது என்றால், சுற்றுக்கு மூன்று நிமிடமாக 36 நிமிடச் சண்டையில் மணி அடித்துவிடும் என்று அவருக்குத் தெரியும். கையுறையும் அப்படித்தான். அன்று ஏறக்குறைய 140 கிராம், இன்று அதைப் போல இரு மடங்கு.

ஆகவே டெம்ப்சியை 85 கிலோவோடு அப்படியே தூக்கிவந்து ஃப்யூரியின் முன் நிறுத்துவது நியாயமில்லை. இன்றைய பயிற்சியோடும் உணவோடும் வளர்ந்த டெம்ப்சியை நிறுத்துங்கள். அதற்கு உதாரணமும் கண்முன்னே இருக்கிறது. ஒலெக்சாண்டர் உசிக் 2018இல் குரூசர்வெயிட் பட்டங்கள் அனைத்தையும் வென்ற பிறகு மேலே ஏறி வந்தவர். 2024 மே மாதம் ரியாத்தில் சுமார் 101 கிலோ எடையோடு ஃப்யூரியைப் புள்ளிகளில் வென்றார். டிசம்பரில் மறுபடியும் வென்றார்.

பழையபேட்டை:
எல்லோரும் சாம்பியன்களின் பட்டியலை அப்படியே நம்பிப் பேசுகிறீர்கள். எனக்கு அந்தப் பட்டியலின் மேலேயே கோபம். சல்லிவன் கறுப்பின வீரர்களோடு மோத மறுத்தார். கறுப்பினத்தவரான பீட்டர் ஜாக்சன் 1891இல் கார்பெட்டோடு 61 சுற்றுகள் முடிவில்லாமல் மோதியவர். அவருக்குப் பட்டப் போட்டி கிடைக்கவேயில்லை. அவரைப் போலவே கறுப்பினத்தவரான ஜான்சன் தம் வாய்ப்புக்காக அப்போதைய சாம்பியன் டாமி பர்ன்ஸைத் தேடி 1908இல் சிட்னி வரை போக வேண்டியிருந்தது. அதே ஜான்சன் பட்டம் கைக்கு வந்த பிறகு இன்னொரு கறுப்பின வீரரான சாம் லாங்ஃபோர்டுக்கு வாய்ப்புத் தரவில்லை. டெம்ப்சி பட்டம் வைத்திருந்த காலம் முழுக்க கறுப்பின வீரர் ஹாரி வில்ஸைக் களத்தில் சந்திக்கவில்லை. அந்தக் காலத்தின் சிறந்தவர் யார் என்பதே தீர்மானிக்கப்படாதபோது, யாரைக் கொண்டுவந்து ஃப்யூரியோடு ஒப்பிடுவது?

தென்னவன்:
பழையபேட்டை சொல்வது பெரிய அநீதி, அதில் எனக்கு வாதமே இல்லை. ஆனால் மேகலா, உங்கள் உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. உசிக் 191 செ.மீ., டெம்ப்சி 185. இன்றைய 'சிறியவர்' அன்றைய டெம்ப்சியைவிட 16 கிலோ கூடுதல். டெம்ப்சிக்கு எடை கூட்டலாம் என்றே வைத்துக்கொள்வோம், ஃபிட்ஸிம்மன்ஸுக்கு எவ்வளவு கூட்டுவீர்கள்? பெரிய உடம்புக்காரரான ஜிம் ஜெஃப்ரீஸ் 1899இல் கோனி ஐலண்டிலும் 1902இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் அவரை இரண்டு முறை வீழ்த்தினார்.

மேகலா:
ஃபிட்ஸிம்மன்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், ஃப்யூரியின் முன் அவரை நிறுத்த மாட்டேன். ஆனால் 1903இல் லைட் ஹெவிவெயிட் என்ற பிரிவு உருவானதும் 40 வயதில் அந்தப் பட்டத்தையும் வென்றவர் அவர். அவருடைய எடையில் இன்று யாரை வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள், நான் ஃபிட்ஸிம்மன்ஸ் பக்கம் நிற்கிறேன்.