புதுப்பிப்பு: எடிட்டிங்குக்கு மேக் ப்ரோவா, அசெம்பிள் பிசியா?

சென்னை சாலிகிராமத்தில் உள்ள எங்கள் வீடியோ எடிட் ரூமுக்கு ஆப்பிளின் மேக் ப்ரோவா, ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடைகளில் அசெம்பிள் செய்யும் பிசியா என்று முன்பு கேட்டிருந்தேன். பிசிதான் வாங்கினோம். வேகத்தைவிட, பின்னால் பாகங்களை மாற்ற முடிவதுதான் எனக்கு முக்கியம். 2019 இன்டெல் மேக் ப்ரோவில் 1.5 டிபி வரை ரேம் போடலாம், கிராபிக்ஸ் கார்டையும் மாற்றலாம். 2023இல் வந்த எம்2 அல்ட்ரா (ஆப்பிளின் சொந்த சிப்) மாடலில் 192 ஜிபியோடு சரி, அதையும் வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். கூடுதல் கார்டு செருக ஸ்லாட் இருக்கிறது, அதில் கிராபிக்ஸ் கார்டு மட்டும் வேலை செய்யாது!

வெறும் கட்டிங் என்றால் ப்ராக்ஸி (ஒரிஜினல் வீடியோவின் எடை குறைந்த நகல்) வைத்து லேப்டாப்பிலேயே முடித்துவிடலாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் கலர் திருத்துவது, படத்தில் தெரியும் புள்ளிகளைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று இறங்கினால் கிராபிக்ஸ் கார்டில் உள்ள மெமரி மளமளவென்று தீரும். கார்டை மாற்ற முடியாத பெட்டியில் அந்த வேலையைப் பல வருடம் ஓட்ட எனக்கு மனசு வரவில்லை. பழைய ஐமேக்கை அசிஸ்டென்ட் தம்பிக்கு லாகிங் (எந்த ஷாட்டில் என்ன இருக்கிறது என்று குறித்து வைப்பது) செய்யக் கொடுத்துவிட்டோம்.