தானே புயல் ஓவியத்துக்கு இவ்வளவு கறுப்பு தேவையா?

முத்தியால்பேட்டைக்காரன்:
நம்ம பலாக்கொட்டை வரைந்த எண்ணெய் ஓவியத்தைப் புதுச்சேரியில் ஒரு கண்காட்சியில் பார்த்தேன். 2011 தானே புயலில் சாய்ந்த பண்ருட்டி முந்திரித் தோப்பு, பாதி கேன்வாஸ் வானம், அது முழுக்க ஐவரி பிளாக் என்ற கறுப்பு. சோகம் என்றால் டியூபிலிருந்து கறுப்பைப் பிதுக்குவதுதானா? அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் கலந்தாலே நல்ல கருமை வரும், நீலத்தைக் கூட்டினால் குளிரும், அம்பரைக் கூட்டினால் மண் நிறம் தட்டும், வெள்ளை சேர்த்தால் மழைமேகம். இங்கே வானம் தார் பூசிய சுவர் மாதிரி நிற்கிறது.

பலாக்கொட்டை:
நிற்கட்டும் என்றுதான் பூசினேன். டிசம்பர் 30 காலையில் அந்தக் காற்றுக்குள் இருந்தவனுக்கு மேகத்தில் ஒரு நயமும் தெரியவில்லை அண்ணா. அப்புறம், ஐவரி பிளாக்கிலும் வெள்ளை கலந்தால் நீலம் தட்டும், அடிவானத்தில் அதைத்தான் வைத்திருக்கிறேன். கிட்டப் போய்ப் பார்த்தீர்களா?

முத்தியால்பேட்டைக்காரன்:
பார்த்தேன். இடது மூலையில் அடிப்பூச்சு எண்ணெயை உறிஞ்சி, பளபளப்பு செத்துத் திட்டுத் திட்டாக இருக்கிறதே, அதையும் பார்த்தேன். ஐவரி பிளாக் எண்ணெய் அதிகம் குடிக்கும், மெதுவாகத்தான் காயும். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சட்டென்று இறுகிவிடும். கறுப்பு காயும் முன்னே மேலே அம்பரை ஓட்டியிருந்தால் வெடிப்பு நிச்சயம்.

பலாக்கொட்டை:
கோடை முழுக்கக் காயவைத்த பிறகுதான் அம்பர். அந்தத் திட்டு, ஆளிவிதை எண்ணெயை லேசாகத் தடவித் துடைத்தால் போய்விடும். பளபளக்கிற புயல் எனக்கு வேண்டாம், விட்டுவிட்டேன்.

கெடிலக்கரை:
இரண்டு பேரும் வானத்தை விட்டு இறங்கவே மாட்டீர்களா? எங்களுக்கும் தோப்பு இருந்தது. புயலைக்கூடத் தாங்கிவிட்டோம், அது போன பிறகு அடித்த வெயிலைத்தான் தாங்க முடியவில்லை, நிற்க ஒரு அடி நிழல் கிடையாது, செம்மண் கண்ணைக் கூசியது. அதற்கு இந்தியன் ரெட் என்ற காவிச் சிவப்பு, ஓக்கர் என்ற மண்மஞ்சள், நிறைய டைட்டானியம் வெள்ளை போதும். கறுப்பே வேண்டாம்.

பலாக்கொட்டை:
நல்ல வெயிலில் வரைந்தால் யாரோ மனை போட மரம் வெட்டியிருக்கிறார்கள் என்பார்கள்.

கெடிலக்கரை:
வெட்டினால் அடிக்கட்டை நிற்கும், புயல் தள்ளினால் வேர் மேலே வரும். அதை வரையத் தெரியாதவரா நீங்கள்?

முத்தியால்பேட்டைக்காரன்:
ஜெர்மன் ஓவியர் பிரீட்ரிக்கின் ‘கடலோரத் துறவி’ ஓவியத்திலும் வானம்தான் பெரும்பகுதி. முதலில் கப்பல்கள் இருந்தன, பிறகு எடுத்துவிட்டார். கனம் அங்கே வெறுமையால் வந்தது. கெடிலக்கரை சொல்வது அதற்குப் பக்கத்தில் வருகிறது, ஆனால் கறுப்பே கூடாது என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அந்த வேர்க்குழிக்குள் என்ன நிறம் வைப்பீர்கள்?

கெடிலக்கரை:
பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் உங்கள் அல்ட்ராமரீனும்தான். தோண்டின செம்மண் குழியில் கறுப்பை எங்கே பார்த்தீர்கள்?