மறு: ‘கண்காணிப்பு’ என்ற சொல் பாலஸ்தீனத்துக்குப் பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

பாலஸ்தீனத்தில் நடப்பதைப் பார்த்துப் பதிவு செய்கிற பன்னாட்டுக் குழுக்களின் வேலைக்கு (ஆங்கிலத்தில் ‘ஓவர்சைட்’) நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ச் சொல் போடுவது என்று ஓடும் இந்த மடல் இழையை, நான்கு நாளாக ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல் ஐயா நேற்று எழுதிய வரிதான் என்னை வாய் திறக்க வைத்தது:

> ‘கண்காணிப்பு’ எல்லோருக்கும் புரிகிற சொல். இதற்கு எதற்கு இத்தனை மடல்?

ஐயா, புரிகிறது என்பதுதான் சிக்கலே. போன மாதம் மெய்ப்புப் பார்க்க ஒரு கட்டுரை வந்தது. அதில் ஒரு வாக்கியம்: “ஹெப்ரோனில் 1997 முதல் நடந்துவந்த கண்காணிப்பு 2019இல் நின்றுபோனது; அதன்பிறகு கண்காணிப்பு பல மடங்கு கூடிவிட்டது.” உளறல் என்று நினைத்துச் சிவப்பு மையால் சுழித்துவிட்டேன். அப்புறம் மூலத்தை வரவழைத்துப் பார்த்தால் மொழிபெயர்த்தவர் மேல் தப்பே இல்லை. நின்றுபோனது ஆறு நாட்டுப் பார்வையாளர்களின் வேலை. கூடியது ராணுவத்தின் கேமரா. ஆங்கிலத்தில் இரண்டு வெவ்வேறு சொற்கள், தமிழில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. படிக்கிறவர் யார் யாரைப் பார்க்கிறார் என்று தலையைச் சொறிய வேண்டியதுதான்.

ஹெப்ரோன் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நமக்கு வேண்டிய சொல் அங்கேதான் கிடக்கிறது என்று நினைக்கிறேன். பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் இருக்கிற ஊர் அது; அரபியில் அல்-கலீல். 1994 பிப்ரவரி 25 அன்று இப்ராஹிமி பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை பாருக் கோல்ட்ஸ்டைன் என்ற இஸ்ரேலியக் குடியேறி சுட்டுக் கொன்றார். மூன்று வாரம் கழித்து ஐ.நா. பாதுகாப்பு அவை 904ஆம் தீர்மானத்தில், வெளியார் சிலர் தற்காலிகமாக அங்கே இருக்கட்டும் என்றது. அந்த ஆண்டே ஒரு குழு மூன்று மாதம் இருந்துவிட்டுப் போனது. 1997இல் இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத் தரப்புக்கும் இடையே ஹெப்ரோன் ஒப்பந்தம் வந்ததும் நார்வே முன்னின்று சுவீடன், டென்மார்க், இத்தாலி, சுவிட்சர்லாந்து, துருக்கி ஆகிய நாடுகளோடு மறுபடி வந்தது. பெயரிலேயே ‘தற்காலிக’ என்று இருந்தது. 22 ஆண்டு இருந்தார்கள்.

என்ன செய்தார்கள்? நடந்தார்கள், பார்த்தார்கள், எழுதினார்கள். கையில் ஆயுதம் கிடையாது. ஒருவரைத் தடுக்கவோ பிடிக்கவோ அதிகாரம் கிடையாது. பழைய சந்தைத் தெருவின் தலைக்கு மேல் கம்பிவலை கட்டியிருப்பார்கள், படங்களில் பார்த்திருப்பீர்கள். மாடியில் குடியேறிகள், கீழே பாலஸ்தீனர்களின் கடைகள். மேலேயிருந்து வந்து விழும் குப்பையும் கல்லும் பாட்டிலும் அந்த வலையில் தங்கி நிற்கும். அதற்குக் கீழே ஒருவர் நின்று இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன பொருள் விழுந்தது என்று குறித்துக்கொள்கிறார். அந்தக் குறிப்பு இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத் தரப்புக்கும் ஆறு நாட்டு அரசுகளுக்கும் போகும். ஊர்க்காரர் கண்ணில் படாது. 2018 டிசம்பரில் ஒரு தொகுப்பறிக்கை ஹாரெட்ஸ் நாளேட்டில் கசிந்தபோதுதான், 40,000க்கும் மேற்பட்ட நிகழ்வுக் குறிப்புகள் சேர்ந்து கிடந்தது வெளியே தெரிந்தது. அடுத்த மாதமே, இவர்கள் எங்களுக்கு எதிராக வேலை செய்கிறார்கள் என்று சொல்லி நெதன்யாஹு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார். ஆள்கள் கிளம்பிவிட்டார்கள்.

அதே ஊரின் சோதனைச் சாவடிகளில் முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் ‘ரெட் வுல்ஃப்’ என்ற அமைப்பைப் பற்றி 2023இல் மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி அறிக்கை வெளியிட்டது. இதுவும் கண்காணிப்புத்தான். நம் தெருமுனையில் ‘இவ்விடம் கண்காணிப்பு கேமரா பொருத்தப்பட்டுள்ளது’ என்று பலகை வைத்திருக்கிறார்களே, அந்தக் கண்காணிப்பு. இந்தச் சொல்லைக் கேமராக்காரர்கள் வாங்கிப்போய் வெகுநாளாகிறது. திருப்பிக் கேட்டால் தரமாட்டார்கள்.

இன்னொன்று. கண்காணி என்பதன் மறுவடிவம் கங்காணி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலாயா ரப்பர்த் தோட்டத்திலும் ஆள் பிடித்து வந்து, கடனில் கட்டிப்போட்டு, வேலை வாங்கிய ஆள். ‘கண்காணிப்பாளர்’ என்றதும் எங்கள் பாட்டி வீட்டுப் பக்கத்தில் எவருக்கும் நல்ல முகம் ஞாபகம் வராது. இது சும்மா உணர்ச்சிப் பேச்சு இல்லை. இஸ்ரேலின் நடைமுறைகளை ஆராய 1968இல் ஐ.நா. பொதுச்சபை ஒரு சிறப்புக் குழுவை அமைத்தது. அன்று அதன் உறுப்பு நாடுகள் இலங்கை, சோமாலியா, யூகோஸ்லாவியா. இன்று இலங்கை, மலேசியா, செனகல். முதல் தலைவர் இலங்கையின் ஹாமில்டன் ஷேர்லி அமரசிங்க. மூன்றில் இரண்டு கங்காணி ஆண்ட மண்! அந்தக் குழுவைத் தமிழில் ‘கண்காணிப்புக் குழு’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியதையும் பார்த்தேன்:

> 2002இல நோர்வேக்காரர் தலைமையில வந்த குழுவை நாங்கள் ‘போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு’ எண்டுதான் சொன்னனாங்கள். சொல்லில பிழை ஒண்டும் இல்லை, குழுவிலதான்.

சிரித்துவிட்டேன். ஆனால் அங்கே ஒப்பமிட்ட இரு தரப்பும் அந்தக் குழுவை உள்ளே விட்டிருந்தன. அலுவலகம் போட்டார்கள், ஜீப்பில் போனார்கள், புகார் வாங்கினார்கள். பாலஸ்தீனம் தொடர்பான ஐ.நா. குழுக்களுக்குப் பெரும்பாலும் வாசல்படியே கிடையாது. மேற்சொன்ன சிறப்புக் குழுவை இஸ்ரேல் இந்த அரை நூற்றாண்டாக உள்ளே விட்டதில்லை. அம்மானிலும் கெய்ரோவிலும் உட்கார்ந்து, எல்லை தாண்டி வருகிறவர்களிடம் வாக்குமூலம் வாங்குகிறார்கள். பாலஸ்தீன நிலவரத்தை ஆராய்ந்து ஐ.நா.வுக்குச் சொல்ல 1993இல் உருவான சிறப்பு அறிக்கையாளர் பதவியும் அதே கதைதான். ரிச்சர்ட் ஃபால்க் 2008 டிசம்பரில் விமான நிலையத்திலேயே பிடித்து வைக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். மகாரிம் விபிசோனோ, உள்ளே போக வழியில்லாமல் நான் என்ன அறிக்கை எழுதுவது என்று 2016 தொடக்கத்தில் பதவி விலகினார். இப்போதைய அறிக்கையாளர் பிரான்செஸ்கா அல்பனேசே மீது 2025 ஜூலையில் அமெரிக்கா தடையே போட்டது. சம்பளமில்லாத பதவி, வேறு.

(இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள்: ‘ஸ்பெஷல் ரப்போர்ட்டர்’ என்பதைச் ‘சிறப்புத் தூதர்’ என்று எழுதுவதை நிறுத்துங்கள். தூதர் என்றால் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்கிறவர். இவருக்கு அனுப்பியவர் சொல்லிக் கொடுத்த செய்தி எதுவும் கிடையாது. போய்ப் பார்த்து வந்து சொல்வதுதான் வேலை. ‘சிறப்பு அறிக்கையாளர்’ சரியாகவே இருக்கிறது. இலங்கை நாளேடுகளின் ‘விசேட அறிக்கையாளர்’ என்றாலும் எனக்குச் சரி.)

அடுத்து, கோவை அக்கா முன்வைத்த ‘மேற்பார்வை’. அகராதிப்படி ‘ஓவர்சைட்’டுக்கு இதுதான் நேர்ச்சொல் என்பது உண்மை. ஆனால் மேற்பார்வையாளர் சொன்னால் கீழே இருக்கிறவர் கேட்க வேண்டும். சத்துணவுக் கூடத்திலிருந்து சாலை போடுகிற இடம் வரை நமக்குத் தெரிந்த மேற்பார்வை அப்படித்தான். இங்கே மேலே யார் இருக்கிறார்கள்? 2004 ஜூலை 9 அன்று பன்னாட்டு நீதிமன்றம், ஆக்கிரமித்த பகுதியில் எழுப்பிய சுவர் சட்டவிரோதம் என்றது. சுவர் நிற்கிறது. 2024 ஜூலை 19 அன்று, இஸ்ரேல் அங்கே தொடர்ந்து இருப்பதே சட்டவிரோதம் என்றது. செப்டம்பரில் பொதுச்சபை 124 வாக்குகளோடு பன்னிரண்டு மாதத்தில் வெளியேறச் சொன்னது. அந்தக் கெடு முடிந்தும் போயிற்று. இதைப் போய் மேற்பார்வை என்றால் வாசகர், ‘அப்ப ஏன் சம்பளத்தைப் பிடிக்கவில்லை?’ என்று கேட்பார்.

‘உரிமைத் தணிக்கை’ என்ற யோசனைக்குப் பதில் ஒரே வரி: தணிக்கை என்றால் நம்மூரில் பாதிப்பேருக்குச் சினிமாவில் வெட்டுவது. உரிமைகளை வெட்டுகிற குழு என்று புரிந்துகொள்வார்கள்.

‘கரி’ எனக்குப் பிடித்திருந்தது. சாட்சிக்குப் பழைய சொல், ‘இந்திரனே சாலுங் கரி’ என்று குறளிலேயே இருக்கிறது. ‘பன்னாட்டுக் கரியர்’ என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டதா என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சரி, விட்டுவிட்டேன்.

பேராசிரியர் அனுப்பிய ‘கண்டும் காணாமை’யைப் பற்றி என்ன சொல்ல! ஆங்கிலச் சொல்லுக்கு மேற்பார்வை, கவனப்பிசகு என்று இரு பொருளும் உண்டு என்பதைப் பிடித்து ஒரே அடியில் இரண்டையும் தமிழாக்கிவிட்டார். கலைச்சொல் பட்டியலில் போட முடியாது என்பது ஒன்றுதான் குறை.

என் யோசனைக்கு வருகிறேன். இந்த அமைப்புகள் எல்லாமே கடைசியில் செய்வது ஒன்று: பின்னால் ஒருநாள் யாரோ கேட்கும்போது எடுத்து நீட்டுவதற்காகப் பார்த்து வைப்பது. அல்-கலீல் ஆள்கள் தெருவில் நின்று செய்தார்கள். 2021இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை அமைத்த விசாரணை ஆணையம் ஜெனீவாவில் உட்கார்ந்து சாட்சிகளைக் கேட்டும், படங்களையும் ஆவணங்களையும் சரிபார்த்தும் செய்தது. 2025 வரை அதன் தலைவராக இருந்தவர், டர்பனில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை. காசாவில் நடந்தது இனப்படுகொலை என்று 2025 செப்டம்பர் 16 அன்று அந்த ஆணையம் முடிவு சொன்னது; இஸ்ரேல் அதை ஏற்க மறுத்துவிட்டது. சேர்த்த சான்று மட்டும் கோப்பில் இருக்கிறது.

ஆகவே ‘சான்றுநோக்கு’. செய்கிறவர் ‘சான்றுநோக்கர்’. ‘பன்னாட்டுச் சான்றுநோக்கு’ என்றால் வாய் கொஞ்சம் நிறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் மெய்ப்பு வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: “ஹெப்ரோனில் 1997 முதல் நடந்துவந்த சான்றுநோக்கு 2019இல் நின்றுபோனது, அதன்பிறகு கண்காணிப்பு பல மடங்கு கூடிவிட்டது.” சிவப்பு மை தேவைப்படாது.

‘அவதானிப்பு’ ஏன் கூடாது என்று யாழ்ப்பாணத்து நண்பர் கேட்பார், தெரியும். நல்ல சொல்தான். ஆனால் நிலவரத்தைத் தொடர்ந்து அவதானித்து வருகிறோம் என்று அறிக்கை விடாத வெளியுறவு அமைச்சே உலகத்தில் இல்லை. அவதானித்தவர் எழுதி வைத்தாரா என்பது அந்தச் சொல்லில் இல்லை.

குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். இதிலிருந்து வினைச்சொல் வராது. ‘சான்றுநோக்கினார்கள்’ என்று எழுதினால் தமிழே காயப்படும். ‘சான்றுநோக்கில் ஈடுபட்டார்கள்’ என்று சுற்றிவளைக்க வேண்டும். இதைவிட நல்லதாக யாராவது கொண்டுவந்தால் என் சொல்லை உடனே விட்டுவிடுகிறேன்.

இன்னொரு வகையும் இருக்கிறது, அதைக் கலக்க வேண்டாம். ஐ.நா. உறுப்பு நாடு ஒவ்வொன்றும் குறித்த காலத்துக்கு ஒருமுறை மனித உரிமைப் பேரவைக்கு வந்து பதில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு. அதற்கு ‘மீளாய்வு’ இருக்கிறது, ஈழத்தில் நன்றாகவே புழங்குகிறது. 2013 ஜனவரியில் இஸ்ரேல் தன் மீளாய்வுக்கு வராமலே இருந்தது, அப்படி வராமல் இருந்த முதல் நாடு. அந்த அக்டோபரில் வந்தது. யாரையாவது வரவழைத்துக் கேள்வி கேட்க முடிகிற இடத்தில் மீளாய்வு. அந்த வசதி இல்லாத இடத்தில் சான்றுநோக்கு.

கடைசியாக ‘ஆக்கிரமிப்பு’. இதையும் மாற்ற வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். வாதம் எனக்குப் புரிகிறது. மாநகராட்சி புல்டோசர் கொண்டுவந்து எடுப்பதும் ஆக்கிரமிப்பு, ஒரு நாடு படையெடுப்பதும் ஆக்கிரமிப்பு, எதிரிப் படையின் அதிகாரத்தில் ஒரு நிலம் இருக்கிற சட்ட நிலையும் ஆக்கிரமிப்பு. மூன்றும் ஒன்றில்லை. 1907 ஹேக் விதிகளில் கடைசியது வெறும் நிலைமை வர்ணனைதான். அந்த நிலைமை வந்தால் படைக்கு இன்னின்ன கடமை என்று பட்டியல் தொடரும். ஆனால் ‘கையகப்படுத்திய’ என்று மாற்றினால் அது நாலுவழிச் சாலைக்கு நிலம் எடுப்பது போலாகிவிடும். இருக்கிற சொல்லை இருக்க விடுங்கள். எல்லாச் சொல்லோடும் ஒரே நேரத்தில் சண்டை போட முடியாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த ஆண்டுப் போரில் பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படை விலக வேண்டும் என்று 1967 நவம்பரில் வந்த ஐ.நா. பாதுகாப்பு அவையின் 242ஆம் தீர்மானத்தின் ஆங்கில வரியில் ‘பகுதிகளிலிருந்து’ என்பதற்கு முன் ‘தி’ இல்லை. பிரெஞ்சு வாசகத்தில் ‘தெ’ என்ற சொல் வருகிறது, அது ‘அந்தப் பகுதிகள்’ என்று ஒலிக்கிறது. எல்லாப் பகுதிகளுமா, சில பகுதிகளா என்று இந்த ஒரு சொல்லை வைத்து இன்றுவரை வாதாடுகிறார்கள். தமிழில் அந்தத் தலைவலி கிடையாது, ‘பகுதிகளிலிருந்து’ என்று எழுதிவிட்டுப் போகலாம். நம் பட்டியலில் யாரோ உதவி செய்வதாக நினைத்து ‘சில பகுதிகளிலிருந்து’ என்று சேர்த்திருக்கிறார். அந்தச் ‘சில’ மூலத்தில் இல்லை. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வியாழன் இரவுக்குள் வேறு சொல் வரவில்லை என்றால் ‘சான்றுநோக்கு’ என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘கண்காணிப்பு’ என்றும் கொடுத்துவிடுகிறேன். திண்டுக்கல் ஐயாவுக்காக.