டமோக்சிஃபென் எடுக்கும்போது கொழுப்புக் கல்லீரல்: மாத்திரையை நிறுத்தலாமா?

செம்பூர்வாசி:
அம்மாவுக்கு வயது 52, எடை 72 கிலோ. மார்பகப் புற்றுநோய் அறுவை, கீமோ எல்லாம் முடிந்து ஒன்றரை வருடமாக டமோக்சிஃபென் (நோய் திரும்பாமல் தடுக்கும் ஹார்மோன் மாத்திரை) 20 மி.கி. எடுக்கிறார். இப்போது ஸ்கேனில் "கிரேடு 2 ஃபேட்டி லிவர்". கல்லீரல் என்சைம்கள் எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2.1 லட்சம். மாத்திரையை நிறுத்த வேண்டுமா? புற்றுநோய் திரும்ப வர இந்தக் கொழுப்புக் கல்லீரல் காரணமாகுமா? கல்லீரலுக்கு நல்லதென்று தினமும் சீந்தில் கஷாயமும் குடிக்கிறார்.

கல்லீரல்_பக்கம்:
நீங்களாக நிறுத்தவே வேண்டாம். டமோக்சிஃபென் எடுப்பவர்களில் கல்லீரலில் கொழுப்பு சேர்வது அடிக்கடி நடப்பதுதான், பெரும்பாலும் முதல் இரண்டு வருடங்களில். நோய் திரும்பாமல் அந்த மாத்திரை தரும் பாதுகாப்பு அதைவிடப் பெரிது.

கிரேடு என்பது கொழுப்பின் அளவு மட்டும். பார்க்க வேண்டியது கல்லீரலில் விழும் தழும்பு (ஃபைப்ரோசிஸ்). அதைக் கணிக்க ஃபிப்-4 கணக்கு: வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கினால் 2496. எஸ்ஜிபிடி 64-இன் வர்க்கமூலம் 8, அதை பிளேட்லெட்டால் (2.1 லட்சத்தை 210 என்று போடுங்கள்) பெருக்கினால் 1680. வகுத்தால் ஏறக்குறைய 1.49. 1.3-க்குக் கீழே இருந்தால் கவலை குறைவு, 2.67-க்கு மேல் போனால் கல்லீரல் மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். உங்களுடையது நடுவில் நிற்கிறது, அடுத்தது ஃபைப்ரோஸ்கேன், அதாவது கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன். மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு போங்கள். விறைப்பு 8 கேபிஏ-வுக்குக் (கிலோபாஸ்கல்) கீழே வந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு.

கீமோ நடக்கும்போது எடுத்த ரத்த அறிக்கையை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். பிளேட்லெட் இறங்கி, என்சைம் ஏறியிருக்கும். எண் பொய்யாக உயரும்.

மாட்டுங்கா_மருந்தாளர்:
சீந்திலை இன்றே நிறுத்துங்கள். சீந்தில் குடித்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2021-இல் மும்பை மருத்துவர்களே பதிவு செய்தார்கள். கஷாயம் குடித்த விஷயத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, நான்கைந்து வாரம் கழித்து எல்எஃப்டி (கல்லீரல் ரத்தப் பரிசோதனை) திரும்ப எடுங்கள்.

லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் (மெனோபாஸுக்குப் பின் கொடுக்கும், ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மாத்திரைகள்) மாத்திரைக்கு மாற்றலாமே என்று யாராவது சொல்வார்கள். டமோக்சிஃபெனில் மாதவிடாய் நின்றிருப்பதை மட்டும் வைத்து மெனோபாஸ் என்று முடிவு செய்ய முடியாது. சினைப்பை இன்னும் வேலை செய்தால் அந்த மாத்திரைகள் பலன் தராது. ஹார்மோன் பரிசோதனை வேண்டும், எலும்பு அடர்த்தியும் பார்க்க வேண்டும். இது புற்றுநோய் மருத்துவரின் முடிவு.

கல்லீரல்_பக்கம்:
திரும்ப வருமா என்ற கேள்விக்கு: கொழுப்புக் கல்லீரல் மட்டுமே புற்றுநோயைத் திரும்பக் கொண்டுவரும் என்று நிறுவப்படவில்லை, ஆய்வுகள் ஒரே பதில் தரவில்லை. ஆனால் அதோடு கூட வரும் சர்க்கரை, டிரைகிளிசரைடு, தொப்பை மூன்றும் இதயத்தைத் தாக்கும். டமோக்சிஃபென் டிரைகிளிசரைடையும் ஏற்றும் என்பதால் எச்பிஏ1சி (மூன்று மாத சர்க்கரை சராசரி), லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) இரண்டையும் உடனே பாருங்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தால் கல்லீரலை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

எடையில் 7% குறைந்தாலே அழற்சி தணியத் தொடங்கும்; அம்மாவுக்கு அது 5 கிலோ. பட்டினி போட்டு வேகமாகக் குறைத்தால் தசைதான் கரையும், ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்கால சர்க்கரைச் சாயும் (டீ) ஃபர்சான் நொறுக்குத்தீனியும் முதலில் போகட்டும். ராத்திரி சாதத்தைப் பாதியாக்கி சுண்டல், முட்டை, மீன் கூட்டுங்கள். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி வேக நடை.