கொழும்பில் குழந்தைக்குத் திருமுழுக்கு: "பங்குக் கடிதம்" எங்கே வாங்குவது?

தூத்துக்குடித் தாய்:
அனைவருக்கும் வணக்கம். கணவரின் வேலை காரணமாக ஏப்ரலில் கொழும்புக்கு வந்தோம். எங்கள் மகளுக்கு ஐந்து மாதம் நிறைந்துவிட்டது, இன்னும் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுக்கவில்லை. வீடு தேடியது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது என்று நாள் தள்ளிப்போனதில் என் தவறும் உண்டு. என் அம்மா 30 நாள் விசாவில் வந்திருக்கிறார். பேத்தியின் திருமுழுக்கைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஜூலை 26 அன்று பனிமய மாதா கோயில் கொடியேற்றத்துக்கு ஊரில் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. சென்ற ஞாயிறு தமிழ்த் திருப்பலி முடிந்ததும் ஆலயத்தின் பொறுப்புக் குருவான பங்குத்தந்தையிடம் கேட்டேன். "பங்கிலிருந்து கடிதம் கொண்டுவாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் பேசப் போய்விட்டார். எங்கள் ஊர்ப் பங்குத்தந்தை மாற்றலாகிவிட்டார். புதிதாக வந்தவருக்கு எங்களைத் தெரியாது, தொலைபேசியிலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. அம்மா இரவெல்லாம் ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

மட்டக்குளியிலிருந்து:
சகோதரி, முதலில் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்துக்குப் போய்வாருங்கள். நான் 2018-இல் வேலைக்காக வந்தபோது ஜம்பட்டா வீதியில் ஓர் அறையில் தனியாக இருந்தேன். பேச ஆள் இல்லாத அந்த மாதங்களில் செவ்வாய்தோறும் அந்தக் கூட்டத்தின் நடுவே நின்றதுதான் என்னைத் தாங்கியது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று அங்கே குண்டு வெடித்ததும், அதன் பின்பு சுற்றுவட்டாரமே வாயடைத்துக் கிடந்ததும், ஜூன் மாதம் அந்தோனியார் திருநாளுக்கு முந்தின நாள் ஆலயத்தை மீண்டும் திறந்தபோது கத்தோலிக்கர் மட்டுமன்றி இந்துக்களும் பௌத்தர்களும் வந்து நின்று அழுததும் இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கின்றன. அங்கே போய் மனத்தைத் திறந்து சொல்லுங்கள், வழி பிறக்கும்.

நாகர்கோவில் அண்ணன்:
தங்கச்சி, வீணாக அலையாதீர்கள். இங்கே பங்கில் சேர வதிவிட விசா வேண்டும், ஐந்து வருடம் இருந்திருக்கவும் வேண்டும் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். நான் குடும்பத்தோடு வந்தது 2022-இல். எரிபொருள் வரிசையில் இரண்டு நாள் வண்டியை விட்டுவிட்டு, ஞாயிறு பூசைக்குப் பிள்ளைகளை நான்கு கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப்போன காலம் அது. அந்த வருடம் முழுவதும் ஒரு பங்கில் எங்களிடம் பெயர்கூட யாரும் கேட்கவில்லை. அம்மாவோடு நீங்களும் ஊருக்குப் போய் அங்கேயே திருமுழுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

யாழ்ப்பாணத்து மாமி:
தம்பி சொல்வது சரியல்ல. எந்தச் சுவாமியாரும் விசா பார்த்துத் திருமுழுக்குக் கொடுப்பதில்லை. நாங்கள் 1996-இல் இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தபோது எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை. ஆனாலும் என் இரண்டாவது மகனுக்கு வந்த இரண்டாம் மாதமே திருமுழுக்கு நடந்தது. ஊரில் எங்கள் சுவாமியாருக்கு ஒவ்வொரு வீட்டு அடுப்படியும் தெரியும். இங்கே முப்பது வருடமாகியும் அறிவித்தல்கள் சிங்களத்தில் முடிந்த பிறகுதான் தமிழில் இரண்டு வரி வருகிறது. எங்கள் பக்கத்தில் தமிழ்ப் பூசையோ விடியற்காலையில். வயதானவர்கள் எப்படிப் போவது?

நாகர்கோவில் அண்ணன்:
அதோடு வாசலில் பையைத் திறந்து காட்டு, எங்கிருந்து வருகிறாய் என்ற கேள்வி வேறு. சொந்தக் கோயிலுக்குள் அந்நியனாக நிற்பது எவ்வளவு வேதனை என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

மட்டக்குளியிலிருந்து:
அண்ணா, 2019-க்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் குறையாக எடுப்பதில்லை. வாசலில் நிற்கும் இளைஞர்களும் பங்கின் பிள்ளைகள்தான். அவர்களில் சிலர் அன்று தம் வீட்டாரை இழந்தவர்கள்.

பழைய கொழும்பான்:
அந்தத் தாய் கேட்டதை விட்டு எல்லோரும் வெகுதூரம் வந்துவிட்டோம். மகளே, மூன்று விஷயங்களை நீங்கள் எழுதவில்லை. குடியிருப்பது எந்தப் பகுதியில்? கடிதம் கேட்ட ஆலயம் எந்தப் பகுதியில் இருக்கிறது? திருமுழுக்கின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தகப்பன், ஞானத்தாயாக யாரை நினைத்திருக்கிறீர்கள்?

தூத்துக்குடித் தாய்:
ஐயா, வீடு தெஹிவளையில் இருக்கிறது. தமிழ்ப் பூசைக்காக வடகொழும்பில் ஓர் ஆலயத்துக்குப் போய்வருகிறோம், அங்கேதான் கேட்டேன். ஞானப் பெற்றோராக என் கணவரின் நண்பரும் அவர் மனைவியும் நிற்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கத்தோலிக்கர் அல்லர், தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள், மிகவும் நல்லவர்கள்.

பழைய கொழும்பான்:
முடிச்சு இங்கேதான் இருக்கிறது, மகளே. என் முன்னோரும் உங்கள் கரையிலிருந்து வந்த பரதர்கள். நாற்பது ஆண்டுகளாகப் பங்குப் பேரவையிலும், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்திலும் உழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அவர் கேட்ட கடிதம் பெரும்பாலும் தூத்துக்குடியிலிருந்து வர வேண்டியதன்று, தெஹிவளையிலிருந்து வர வேண்டியது. திருச்சபைச் சட்டப்படி பங்கு என்பது பொதுவாக ஒரு நிலப்பரப்பு. உங்கள் வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்தப் பங்குத்தந்தைதான் உங்கள் பங்குத்தந்தை, நீங்கள் பூசைக்கு எங்கே போனாலும் அது மாறாது. குழந்தையின் திருமுழுக்கும் இயல்பாகப் பெற்றோரின் பங்கு ஆலயத்தில்தான் நடக்க வேண்டும். வேறோர் ஆலயத்தில் வைத்துக்கொள்ள விரும்பினால், அதற்கு உங்கள் பங்குத்தந்தையின் இசைவுக் கடிதம் தேவைப்படும். வடகொழும்பில் இருப்பவர் உங்களையும் தம் எல்லையில் குடியிருப்பவர் என்று முதலில் எண்ணியிருக்கலாம், தெஹிவளை என்று தெரிந்ததும் கடிதம் கேட்டிருப்பார்.

தம்பி சொன்ன ஐந்து வருடக் கணக்கு நிரந்தர உறைவிடத்துக்கு உரியது. மூன்று மாதம் தங்கியிருந்தாலும், தங்கும் எண்ணத்தோடு வந்திருந்தாலும் தற்காலிக உறைவிடம் என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது, அதுவே போதும். ஏப்ரலில் வந்த நீங்கள் அந்தப் பங்கின் மக்கள்தான்.

ஞானப் பெற்றோர் காரியத்தில் கவனமாக இருங்கள். ஒருவர் நின்றாலே போதும், இருவர் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருக்க வேண்டும். அவர்கள் 16 வயது நிறைந்த, திருமுழுக்குக்குப் பின்பு தரப்படும் உறுதிப்பூசுதலைப் பெற்ற கத்தோலிக்கராகவும், குழந்தையின் தாய் தகப்பன் அல்லாதவராகவும் இருக்க வேண்டும். உங்கள் நண்பர்களை ஒதுக்க வேண்டியதில்லை. கத்தோலிக்கர் ஒருவர் ஞானத்தாயாகவோ ஞானத்தகப்பனாகவோ நின்றால், மற்றத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றவர் சாட்சியாக அருகில் நிற்கலாம். உங்கள் அம்மாவே ஞானத்தாயாக நிற்பதற்கும் தடையில்லை.

எல்லா விவரமும் அந்த ஆலயத்தின் திருமுழுக்குப் பதிவேட்டில் ஏறும். பிற்காலத்தில் உங்கள் மகள் உறுதிப்பூசுதல் பெற்றாலும், எந்த நாட்டில் திருமணம் செய்தாலும், அந்தச் செய்தி இந்தப் பதிவேட்டின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும், சான்றிதழும் இங்கிருந்தே போக வேண்டும். பிற்பாடு நீங்கள் துபாய்க்கோ கனடாவுக்கோ மாறினால், எந்த ஆலயம், எந்த ஆண்டு என்று தெரியாமல் பிள்ளை தவிக்கக்கூடாது. ஆகவே சான்றிதழில் இரண்டு பிரதிகள் வாங்கி, ஒன்றை அம்மாவிடம் ஊருக்குக் கொடுத்தனுப்புங்கள். இப்படித் தேடி அலைந்தவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

நாளைக்கே தெஹிவளையில் உங்கள் வீதி எந்தப் பங்குக்குள் வருகிறது என்று பக்கத்து ஆலயத்தில் கேளுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் திருமணச் சான்றிதழ், வீட்டு வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். ஜூலை 2 மன்னார் மடு மாதா திருவிழா என்பதால் பலர் யாத்திரைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். அதற்கு முன்பே பங்குத்தந்தையைச் சந்தித்துவிடுங்கள். பெற்றோருக்கு ஒரு தயாரிப்பு வகுப்பும் இருக்கக்கூடும். பூசை முடிந்த நெரிசலில் கேட்காமல், பணிமனை நேரத்தில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

யாழ்ப்பாணத்து மாமி:
ஐயா சொல்வதுதான் சரி. என் மகனுக்கும் அன்று தங்கியிருந்த வீட்டுக்கு அருகில் இருந்த கோயிலில்தான் நடந்தது, அந்தக் காரணம் இப்போதுதான் புரிகிறது. பிள்ளை, அங்கே சிங்களத்தில்தான் சடங்கு நடக்கும் என்றாலும் தயங்காதே. தமிழில் செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேள்.

நாகர்கோவில் அண்ணன்:
ஐந்து வருடம் என்று நான் தவறாக எழுதியதற்கு மன்னிக்கவும், தங்கச்சி. நானும் என் பங்கு எது என்று இந்த வாரம் விசாரிக்கப் போகிறேன்.

தூத்துக்குடித் தாய்:
இன்று காலை போய்வந்தோம். எங்கள் வீடு அந்தப் பங்கின் எல்லைக்குள்தான் இருக்கிறது. பங்குத்தந்தை ஓரளவு தமிழ் பேசுகிறார், சடங்கின் முக்கிய பகுதிகளைத் தமிழிலேயே செய்து தருவதாகச் சொன்னார். எங்கள் ஒழுங்கையிலேயே அன்பியம் ஒன்று இருக்கிறதாம். அதை நடத்தும் அக்கா மாலையிலேயே வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டார். வரும் சனிக்கிழமை தயாரிப்பு வகுப்பு, ஜூலை இரண்டாம் ஞாயிறு திருமுழுக்கு. அம்மாவே ஞானத்தாய், கணவரின் நண்பர் சாட்சி. திருமுழுக்குக்கு வேண்டிய வெள்ளை உடுப்பை எங்கே வாங்குவது என்று கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதை அம்மா ஊரிலேயே தைத்துப் பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.